உருளையின் கன அளவு: போட்டித் தேர்வுக் கணக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 நொடிதான். அதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியிலிருந்து வருகின்றன. பரப்பளவும் கன அளவும் அந்தப் பகுதியின் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. ரயில்வே, எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கும் இதே பாடம்தான்.

'கன அளவு = π × ஆரம்² × உயரம்' என்ற சூத்திரம் தெரியாமல் யாரும் தேர்வறைக்குள் போவதில்லை. அப்படியிருந்தும் உருளைக் கணக்கில் மதிப்பெண் போகிறது. கேள்வியைப் படித்த கையோடு 22/7 என்று எழுதிப் பெருக்கத் தொடங்குவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். தேர்வில் வரும் உருளைக் கணக்குகளில் பலவற்றில் π இரண்டு பக்கமும் இருந்து அடிபட்டுப் போகும். அதற்கு மதிப்புப் போட்டுப் பெருக்குவது வீண் வேலை. π-ஐ முடிந்தவரை தள்ளிப் போடுங்கள்; ஆரத்தையும் உயரத்தையும் மட்டும் கவனியுங்கள். இந்த ஒரு பழக்கத்தை எல்லா வகைக் கணக்கிலும் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

சூத்திரத்தின் உள்ளே

ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உருளை கிடைக்கிறது. ஒரு நாணயத்தின் வட்டப் பரப்பை அடுக்கின் உயரத்தால் பெருக்கினால் அதுவே கன அளவு. அதாவது அடிப்பரப்பு × உயரம். வட்டத்தின் பரப்பு π × ஆரம்² என்பதால்தான் சூத்திரம் அப்படி வருகிறது. இதை மனத்தில் வைத்திருந்தால், 'அடிப்பரப்பு 154 ச.செ.மீ., உயரம் 12 செ.மீ.' என்று கேள்வியில் கொடுக்கும்போது ஆரத்தைத் தேடிப் போக மாட்டீர்கள். 154 × 12 = 1848 கன செ.மீ. அவ்வளவுதான்.

ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரு முறைதான். எனவே ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் கன அளவு நான்கு மடங்காகும்; உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கன அளவும் இரண்டு மடங்குதான். பின்னால் வரப்போகிற கணக்குகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

கூடவே தெரிந்திருக்க வேண்டியவை: வளைபரப்பு = 2π × ஆரம் × உயரம், மொத்தப் புறப்பரப்பு = 2π × ஆரம் × (ஆரம் + உயரம்). கன அளவைக் கேட்கும் கேள்விக்கு இவை எதற்கு என்று தோன்றலாம். விடைப் பட்டியலில் நம்மை ஏமாற்ற நிற்பவை இவைதான்.

முதல் படி: கொடுத்தது ஆரமா, விட்டமா?

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பார்ப்போம். 'விட்டம் 14 செ.மீ., உயரம் 20 செ.மீ. கொண்ட நேர்வட்ட உருளையின் கன அளவு என்ன?' விடைகள்: 880, 1188, 3080, 12320.

ஆரம் 7. கன அளவு 22/7 × 49 × 20 = 22 × 7 × 20 = 3080 கன செ.மீ. சரி, மற்ற மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன? 12320 என்பது 14-ஐயே ஆரமாக எடுத்துக்கொண்டவருக்குக் கிடைப்பது; சரியான விடையைப் போல மிகச் சரியாக நான்கு மடங்கு. 880 என்பது வளைபரப்பு. 1188 என்பது மொத்தப் புறப்பரப்பு. நான்கில் ஒன்றுகூடச் சும்மா போட்ட எண் இல்லை. தப்பாகப் போட்டாலும் உங்கள் விடை பட்டியலில் இருக்கும். 'விடை இருக்கிறதே, அப்படியானால் சரிதான்' என்ற நிம்மதியை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று நான்கு மடங்காக நின்றால், அது ஆரம்-விட்டம் பொறி என்று உடனே சந்தேகப்படுங்கள்.

அதனால் கேள்வியைப் படிக்கும்போதே 'விட்டம்', 'ஆரம்', 'சுற்றளவு' ஆகிய சொற்களில் எது வந்தாலும் பேனாவால் அடிக்கோடிட்டு, பக்கத்திலேயே ஆரத்தை எழுதிவிடுங்கள். சுற்றளவு கொடுத்தால் 2π-ஆல் வகுக்க வேண்டும்: 44 என்றால் ஆரம் 7, 88 என்றால் 14, 132 என்றால் 21, 22 என்றால் 3.5.

அலகையும் இப்போதே கவனித்துவிடுங்கள். 1000 கன செ.மீ. ஒரு லிட்டர், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். விட்டத்தை செ.மீ.யிலும் நீளத்தை மீட்டரிலும் கொடுப்பது வழக்கமான சூழ்ச்சி. கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் 100-ஆல் பெருக்குவதா, 10 லட்சத்தாலா என்ற குழப்பம் வரும். ஒரு கன மீட்டரில் 10,00,000 கன செ.மீ. இருக்கிறது. நீளங்களை முதலிலேயே ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இரண்டாம் படி: 7-இன் குடும்பத்தை மனப்பாடம் செய்யுங்கள்

22/7 பயன்படும் கணக்குகளில் ஆரம் பெரும்பாலும் 7-ஆல் வகுபடும்படிதான் கொடுத்திருப்பார்கள். எனவே இந்த அடிப்பரப்புகள் நாக்கு நுனியில் இருக்கட்டும்: ஆரம் 7 என்றால் 154, 14 என்றால் 616, 21 என்றால் 1386, 3.5 என்றால் 38.5, 10.5 என்றால் 346.5. தசமப் புள்ளி நகர்ந்தாலும் கவலையில்லை, 1.4-க்கு 6.16, 2.1-க்கு 13.86.

இது கையில் இருந்தால் 'ஆரம் 21, உயரம் 10' என்ற கணக்குக்கு 13860 என்று ஒரே மூச்சில் விடை வரும்.

சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. 22-இல் 11 ஒளிந்திருக்கிறது. ஆரமும் உயரமும் முழு எண்களாக இருந்து, 7 முழுதாக அடிபட்டுவிட்டால் விடை 11-ஆல் வகுபட வேண்டும். இலக்கங்களை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டிப் பாருங்கள். 3080-க்கு 3 − 0 + 8 − 0 = 11; வகுபடுகிறது. வகுபடாத எண் வந்தால் பெருக்கலில் எங்கோ சறுக்கல்.

எண்கள் கரடுமுரடாக இருந்தால் தோராயம் போதும். π-ஐ 3 என்று வைத்துப் பெருக்கி, வந்ததோடு ஏறக்குறைய 5 விழுக்காடு சேருங்கள். ஆரம் 4.2, உயரம் 15 என்றால்: 4.2² ஏறத்தாழ 17.6, 17.6 × 15 × 3 = 792; 5 விழுக்காடு சேர்த்தால் 832 பக்கம். சரியான விடை 831.6. நான்கு விடைகளும் தள்ளித் தள்ளி இருக்கும்போது இதற்கு மேல் பெருக்க வேண்டியதே இல்லை. விடைகளில் π அப்படியே நின்றால் இன்னும் நல்லது, நீங்களும் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: விகிதத்தில் யோசிப்பது

இங்கேதான் நேரம் மிச்சமாகிறது. 'இரு உருளைகளின் ஆரங்கள் 3 : 4, உயரங்கள் 8 : 5. கன அளவுகளின் விகிதம்?' π இரண்டு பக்கமும் உண்டு, போகட்டும். 9 × 8 : 16 × 5 = 72 : 80 = 9 : 10. இதே உருளைகளின் வளைபரப்பைக் கேட்டால் வர்க்கம் வேண்டாம்; 24 : 20 = 6 : 5.

திருப்பிக் கேட்பதும் உண்டு. கன அளவு சமம், ஆரங்கள் 3 : 4 என்றால் உயரங்கள்? ஆரத்தின் வர்க்கம் 9 : 16, எனவே உயரம் தலைகீழாக 16 : 9.

விழுக்காட்டுக் கணக்கும் விகிதக் கணக்குதான். 'ஆரம் 20% கூடுகிறது, உயரம் 20% குறைகிறது. கன அளவில் என்ன மாற்றம்?' கூடியதும் குறைந்ததும் ஒன்றுதானே, மாற்றமில்லை என்று சட்டென்று தோன்றும். அந்த விடையும் பட்டியலில் காத்திருக்கும். பின்னமாக எழுதுங்கள்: 6/5 × 6/5 × 4/5 = 144/125. அதாவது 125 இருந்தது 144 ஆகிறது. 19/125, அதாவது 15.2% கூடுகிறது. ஆரம் இரண்டு முறை வருவதால்தான் கூடிய பக்கம் ஜெயிக்கிறது.

இன்னொன்று: ஆரம் 25% கூடியபோதும் கன அளவு மாறக் கூடாது என்றால் உயரம் எவ்வளவு குறைய வேண்டும்? ஆரம் 5/4 ஆகிறது, வர்க்கம் 25/16. உயரம் 16/25 ஆக வேண்டும். 9/25 குறைகிறது, அதாவது 36%. விழுக்காட்டைப் பின்னமாக்குவது கைக்கு வந்துவிட்டால் இந்த வகைக்கு 54 நொடியில் பாதிகூடத் தேவைப்படாது.

ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் கணக்கும் இதே வழிதான். 42 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட அண்டா நிறைய மோர் இருக்கிறது. 6 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. உயரமும் கொண்ட டம்ளர்களில் விளிம்புவரை ஊற்றினால் எத்தனை டம்ளர்? இரண்டு கன அளவையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வகுக்க ஆரம்பித்தால் தாளே போதாது. 42/6 = 7, வர்க்கம் 49. 40/8 = 5. 49 × 5 = 245 டம்ளர். இங்கே விட்டத்தைப் பாதியாக்கவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விகிதம் எடுக்கும்போது இரண்டிலும் விட்டமே இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: இரண்டு தகவலிலிருந்து மூன்றாவது

'ஓர் உருளையின் வளைபரப்பு 880 ச.செ.மீ., கன அளவு 6160 கன செ.மீ. உயரம் என்ன?' ஆரமும் தெரியாது, உயரமும் தெரியாது. இரண்டு சமன்பாடு எழுதிப் போராட வேண்டாம். கன அளவை வளைபரப்பால் வகுத்தால் π-யும் உயரமும் அடிபட்டு ஆரம்/2 மட்டும் மிஞ்சும். 6160/880 = 7, எனவே ஆரம் 14. பிறகு வளைபரப்பிலிருந்து: 2 × 22/7 × 14 = 88; 880/88 = 10 செ.மீ. உயரம்.

தாளைச் சுருட்டும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 44 செ.மீ. × 22 செ.மீ. செவ்வகத் தகட்டை இரண்டு விதமாகச் சுருட்டி உருளையாக்கலாம். 44 பக்கம் சுற்றளவானால் ஆரம் 7, உயரம் 22; கன அளவு 154 × 22 = 3388. 22 பக்கம் சுற்றளவானால் ஆரம் 3.5, உயரம் 44. கன அளவு 38.5 × 44 = 1694. தகடு ஒன்றுதான், வளைபரப்பும் ஒன்றுதான், ஆனால் கன அளவு இரண்டு மடங்கு வித்தியாசம். அந்த இரண்டு, 44 : 22 என்ற பக்க விகிதமேதான். ஏனென்றால் கன அளவு வளைபரப்பில் ஆரம்/2 பங்கு என்று மேலே பார்த்தோம். வளைபரப்பு மாறாதபோது ஆரத்தின் விகிதமே கன அளவின் விகிதம். 'இரு முறையில் சுருட்டினால் கன அளவுகளின் விகிதம்?' என்று கேட்டால் பக்கங்களின் விகிதத்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: உருக்குவது, தோண்டுவது, மூழ்குவது

வடிவம் மாறினாலும் கன அளவு மாறாது. இந்த வகைக் கணக்குகள் எல்லாம் அந்த ஒரு வரியில் நிற்கின்றன. 'முன்பு = பின்பு' என்று எழுதி, π-ஐ அடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கம்பி: 2 செ.மீ. விட்டமும் 9 செ.மீ. நீளமும் உள்ள தாமிரத் தண்டை 4 மி.மீ. விட்டமுள்ள கம்பியாக இழுக்கிறார்கள். 20 மி.மீ. 4 மி.மீ. ஆகிறது, ஐந்தில் ஒரு பங்கு. எனவே நீளம் 25 மடங்கு: 225 செ.மீ., அதாவது 2.25 மீட்டர்.

மூழ்கும் பந்து: 6 செ.மீ. ஆரமுள்ள உருளைப் பாத்திரத்தில் ஓரளவு தண்ணீர் இருக்கிறது. அதில் 3 செ.மீ. ஆரமுள்ள இரும்புக் குண்டு முழுதாக மூழ்குகிறது. மட்டம் எவ்வளவு உயரும்? குண்டின் கன அளவு 4/3 × π × 27 = 36π. உயர்ந்த தண்ணீர் 36π × உயரம். ஆக 1 செ.மீ. பாத்திரம் விளிம்புவரை நிறைந்திருந்தது என்று கேள்வியில் சொன்னால் மட்டம் உயராது. 36π கன செ.மீ. வழிந்துவிடும். 'முழுதாக மூழ்கியது', 'விளிம்புவரை நிறைந்த' என்ற சொற்களைப் பார்க்காமல் தாண்டக் கூடாது.

கிணறு: 6 மீட்டர் விட்டத்தில் 12 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டி, அந்த மண்ணைக் கிணற்றைச் சுற்றி 3 மீட்டர் அகலத்துக்கு மேடையாகப் போடுகிறார்கள். மேடையின் உயரம்? தோண்டிய மண் 9 × 12 (π-ஐ எழுதவில்லை). மேடை ஒரு வளையம்: உள் ஆரம் 3, வெளி ஆரம் 3 + 3 = 6. வளையத்துக்கு 36 − 9 = 27. எனவே உயரம் 108/27 = 4 மீட்டர். இதில் பலரும் வழுக்கும் இடம், அகலம் 3 என்பதை அப்படியே வர்க்கமாக்கி 9 என்று எடுப்பது. அப்படிச் செய்தால் 12 மீட்டர் வரும். 12 மீட்டர் உயரத்துக்குக் கிணற்று மேடையா? வந்த விடை நடக்கக்கூடியதா என்று அரை நொடி யோசித்தாலே தவறு பிடிபட்டுவிடும்.

கூம்பும் கோளமும் உருளையோடு சேர்ந்து வரும்போது ஒரு விகிதம் பெரிய துணை. ஆரமும் உயரமும் சமமான கூம்பு, உருளை என்றால் 1 : 3. உயரம் விட்டத்துக்குச் சமமான உருளைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் கோளத்தையும் சேர்த்தால் கூம்பு : கோளம் : உருளை = 1 : 2 : 3. கோளம் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். அதில் அவருக்கு இருந்த பெருமிதம் சாதாரணமானதல்ல, தன் கல்லறையில் கோளமும் உருளையும் பொறிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார். கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசரோ, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை அந்த உருவங்களை வைத்துத்தான் அடையாளம் கண்டார். 'உருளைக்குள் பொருந்திய கோளம் போக மீதமுள்ள இடம் எவ்வளவு?' என்று கேட்டால் உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவிடலாம்.

குழாய்க் கணக்குகள்

இரண்டு வகைக் குழாய் வரும். முதலாவது, குழாயின் உலோகத்தைக் கேட்பது. உள்ளீடற்ற உருளையின் கன அளவு π × (வெளி ஆரம்² − உள் ஆரம்²) × நீளம். வர்க்கங்களைத் தனித்தனியாகக் கண்டுபிடிக்காமல் கூட்டல் × வேறுபாடு என்று பிரியுங்கள். உள் விட்டம் 14 செ.மீ., தடிமன் 1 செ.மீ., நீளம் 14 செ.மீ. என்றால்: உள் ஆரம் 7, வெளி ஆரம் 8. 15 × 1 × 14 × 22/7 = 660 கன செ.மீ. ஒரு கன செ.மீ. 8 கிராம் என்று கொடுத்தால் எடை 5.28 கிலோ. தடிமன் இரு பக்கமும் உண்டு என்பதால் வெளி விட்டம் 16, 15 அல்ல. ஆரத்தோடு தடிமனைக் கூட்டும் பழக்கம் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. கொள்ளளவு கேட்டால் உள் ஆரம் மட்டும் போதும்.

இரண்டாவது, ஓடும் தண்ணீர். பலர் பார்த்தவுடனே விட்டுவிட்டுப் போகும் கணக்கு இது. அதற்கு அவசியமே இல்லை. குழாயிலிருந்து வெளிவந்த தண்ணீரும் ஓர் உருளைதான். அதன் விட்டம் குழாயின் விட்டம், அதன் நீளம் வேகம் × நேரம். 4 செ.மீ. உள் விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடி, 120 செ.மீ. விட்டமுள்ள உருளைத் தொட்டியில் விழுகிறது. 10 நிமிடத்தில் மட்டம் எவ்வளவு உயரும்? தண்ணீர் உருளையின் நீளம் 300 × 600 = 1,80,000 செ.மீ. விட்டம் 4-லிருந்து 120 ஆகிறது, 30 மடங்கு. எனவே நீளம் 900-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 1,80,000/900 = 200 செ.மீ. அதாவது 2 மீட்டர். π வரவே இல்லை.

தேர்வறையில்

குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் எதையும் நிரப்பாமல் காலியாக விடக் கூடாது. அதற்காகவே ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்ற வட்டம் இருக்கிறது. எனவே முழுதாகப் போட முடியாத கணக்கிலும் தோராயத்தை வைத்து இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு ஒன்றைக் குறிப்பது லாபம்தான். தவறுக்கு மதிப்பெண் குறைக்கும் எஸ்.எஸ்.சி., ரயில்வே தேர்வுகளில் இதே துணிச்சலைக் காட்ட வேண்டாம்.

பயிற்சிக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலின் பத்தாம் வகுப்பு 'அளவியல்' பாடத்தை விட நல்ல இடம் இல்லை. ஒவ்வொரு கணக்கையும் முதலில் முழுதாகப் போட்டுவிட்டு, π-ஐத் தொடாமல் விகிதத்தில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பிறகு பழைய வினாத்தாள்களுக்குப் போகலாம்.

இப்போதே போட்டுப் பார்க்க நான்கு:

1. அடிச்சுற்றளவு 88 செ.மீ., உயரம் 50 செ.மீ. உள்ள உருளை வாளியின் கொள்ளளவு எத்தனை லிட்டர்?

2. இரு உருளைகளின் கன அளவு சமம். உயரங்கள் 4 : 9 என்றால் ஆரங்களின் விகிதம்?

3. 2 செ.மீ. ஆரமுள்ள 27 ஈயக் குண்டுகளை உருக்கி 6 செ.மீ. ஆரமுள்ள உருளையாக வார்த்தால் அதன் உயரம்?

4. ஆரம் 20% குறைகிறது; கன அளவு மாறாமலிருக்க உயரம் எத்தனை விழுக்காடு கூட வேண்டும்?

விடைகள்: 30.8 லிட்டர், 3 : 2, 8 செ.மீ.; 56.25%. நான்காவதில் 25/16 வந்தவர்களுக்கு வழி சரி, அதிலிருந்து 1-ஐக் கழித்து விழுக்காடாக்க வேண்டியதுதான் பாக்கி.